மலைக்கோட்டையைத் தாளில் இறக்கியவர்கள்

திருச்சிராப்பள்ளியில் வாழ்கின்றவர்களுக்கு மலைக்கோட்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை, சமவெளியின் நடுவே யாரோ கொண்டு வந்து வைத்தது போல நிற்கிறது. தென்னூரில் உள்ள எங்கள் பள்ளி மாடியில் நின்று கிழக்கே நோக்கினால் அதன் மேற்பாதி தெரியும். கீழ்ப்பாதியை வீடுகள் மறைத்துவிட்டன. இவ்வாண்டு ஓவிய வகுப்பில், ‘நிலக்காட்சி ஓவியர் வெளியிலும் தம் அறையிலும் எப்படி வேலை செய்கிறார்?’ என்பதைப் பாடமாக எடுத்துக்கொண்டோம். நூலகத்தில் தேடியும், ஆசிரியையிடம் கேட்டும், காவிரிக் கரையில் இரண்டு சனிக்கிழமைக் காலைகள் உட்கார்ந்து வரைந்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

நிலத்தைப் பாடுவது தமிழருக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பூவும் பறவையும் பொழுதும் வகுத்து வைத்தவர்கள் நம் முன்னோர். ஆனால் வியப்பு என்னவென்றால், இந்த நிலங்களை நிலங்களாகவே வரைந்து சுவரில் மாட்டும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் பொன் தகடு உண்டு, பதித்த கற்கள் உண்டு, குழந்தைக் கண்ணன் உண்டு. வயலும் வானமும் மட்டுமே உள்ள தஞ்சாவூர் ஓவியத்தை நாங்கள் கண்டதில்லை. புலவர்கள் சொல்லால் அதைச் செய்து முடித்துவிட்டதால் ஓவியர்கள் விட்டுவிட்டார்களோ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

மலைக்கோட்டையை நிலக்காட்சியாக வரைந்தவர்களுள் புகழ் பெற்றவர்கள் இருவர். ஒருவர் தாமஸ் டேனியல் (1749–1840). மற்றவர் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் (1769–1837). இங்கிலாந்தைவிட்டு 1785-ஆம் ஆண்டில் கப்பல் ஏறியபோது வில்லியமுக்குப் பதினாறு வயது இருக்கலாம். எங்களைவிட ஒரு வயதுதான் மூத்தவர்! சீனா வழியாகக் கல்கத்தா வந்து, வட இந்தியாவில் இமயமலை அடிவாரம் வரை சென்று வரைந்துவிட்டு, 1792-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார்கள். பயணத்துக்குப் பணம் யாரும் கொடுக்கவில்லை. கல்கத்தாவில் தாங்கள் வரைந்த படங்களைக் குலுக்குச் சீட்டு போட்டு விற்று, அந்தப் பணத்தில் வந்தார்கள். மைசூர்ப் போர் நடந்த மலைக்கோட்டைகள், மதுரை, பாபநாசம் அருவி, தஞ்சாவூர் ஆகியவற்றோடு நம் ஊரும் அவர்கள் பயணத்தில் அடங்கியது.

இப்போது ஓவியர் ஒருவர் வெளியே போவதென்றால் தோள்பை ஒன்று போதும். அவர்களுக்கு அப்படி அன்று. பல்லக்கு, கூடாரம், பொதி சுமக்கும் மாடுகள், ஆட்கள் என ஒரு சிறு படையே உடன் வந்தது. அந்தப் பொருள்களுள் எங்களை மிகவும் கவர்ந்தது இருட்டுப் பெட்டி. ஆங்கிலத்தில் கேமரா அப்ஸ்க்யூரா என்பர். மூடிய பெட்டியின் ஒரு பக்கத்தில் வில்லை இருக்கும். அதன் வழியே புகும் ஒளி, உள்ளே சாய்த்து வைத்த கண்ணாடியில் பட்டு மேலே உள்ள பரப்பில் எதிரே இருக்கும் காட்சியை விழச் செய்யும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் கோடுகளைப் பின்பற்றி வரைந்துகொள்ளலாம். பின்னாளில் ஒளிப்படக் கருவி பிறந்தது இந்தப் பெட்டியிலிருந்துதான். கட்டடங்களின் அளவும் சாய்வும் பிழையில்லாமல் வர வேண்டும் என்பதற்காக டேனியல்கள் இதைப் பயன்படுத்தினார்கள். இயற்பியலில் குவிவில்லையும் தலைகீழ்ப் பிம்பமும் படிக்கும்போது கதிர்ப் படம் வரைந்து மதிப்பெண் வாங்குவதோடு சரி; அதே பிம்பத்தைக் கொண்டு ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தார் என்பது பாடநூலில் இல்லை.

பெட்டி கோடுகளைத்தான் தரும். நிறத்தைப் பிடித்து வைக்காது. ஆகவே வெளியே பென்சில் வரைவு, அதன்மேல் மெல்லிய நீர்வண்ணப் பூச்சு, இவ்வளவோடு அன்றைய வேலை முடியும். 1794-ஆம் ஆண்டில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகுதான் பெரிய வேலையே தொடங்கியது. 1795 முதல் 1808 வரை, கீழைநாட்டுக் காட்சிகள் என்ற தலைப்பில் 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டனர். இந்தியாவில் கழித்தது ஏழெட்டு ஆண்டுகள். அவற்றை அறையில் உட்கார்ந்து படமாக்கியது பதின்மூன்று ஆண்டுகள். காவிரியிலிருந்து காணும் திருச்சிராப்பள்ளிப் பாறை அப்படங்களுள் ஒன்று.

அச்சிட்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செப்புத் தகட்டின்மீது குங்கிலியம் போன்ற பிசின் தூளை மென்மையாகத் தூவிச் சூடாக்குவார்கள். தூள் உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். துகள்களுக்கு இடையே உள்ள செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். சிறிது நேரம் அரித்தால் வெளிர் நிழல். நெடுநேரம் அரித்தால் கரு நிழல். போதும் என்று தோன்றும் இடத்தில் வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, மீதியை மறுபடி அமிலத்தில் இட வேண்டும். வானத்துக்கு ஒரு கணக்கு, பாறைக்கு ஒரு கணக்கு, மரத்தடி நிழலுக்கு வேறு கணக்கு. ஒரு முறை கூடுதலாக அரித்துவிட்டால் தகடு வீண். இப்படி அச்சான தாள்களில் பின்னர் கையாலேயே நீர்வண்ணம் தீட்டினார்கள். செம்பும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் பழுப்புப் புகை கிளம்பும் என்று வேதியியல் ஆய்வகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறோமே, அந்தப் புகைக்கு நடுவே இருந்துதான் இத்தகைய தகடுகள் உருவாயின.

‘பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்கு ஓவியப் பாடவேளை எதற்கு?’ என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீடுகளிலும் வண்ணப்பெட்டி இப்போது பரணில்தான் இருக்கிறது. ஆனால் மேலே எழுதிய இரண்டு பத்திகளையும் அவர்கள் மறுபடி ஒரு முறை படித்துப் பார்க்கலாம். வில்லை, பிம்பம், அமிலம், உலோகம் எல்லாம் தேர்வில் வருபவைதான்.

அடுத்து வந்தவரை நம் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், ஓவியராக அல்ல. ஆந்தையும் பூனையும் படகில் போன பாட்டைச் சின்ன வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார்களே, அதை எழுதிய எட்வர்ட் லியர் (1812–1888) தொழிலால் நிலக்காட்சி ஓவியர். 1846-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசிக்கே ஓவியம் கற்பித்தவர். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று 1873-ஆம் ஆண்டு இறுதியில் பம்பாய் வந்து இறங்கினார். மறு ஆண்டில் சென்னை, காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று தென்னாட்டைச் சுற்றினார். அப்போது அவருக்கு வயது 62. கண்பார்வை குறைவு, வலிப்பு நோயும் உண்டு. ஜோர்ஜியோ என்ற பணியாளர் கூடவே வந்தார்.

லியர் வேலை செய்த முறைதான் எங்கள் பாடத்தின் நடுப்பகுதி. அவர் வெளியே போகும்போது பெரும்பாலும் பென்சில்தான். மலையின் ஓரக்கோடு, மரத்தின் கிளை, கரையின் வளைவு ஆகியவற்றை வேகமாகப் போட்டுக்கொள்வார். நிறம் தீட்ட நேரம் இராது. ஆகவே நிறத்தை எழுத்தாகவே எழுதிவிடுவார். இங்கே பாறை, இங்கே மணல், இங்கே வெளிர் பச்சை என்று படத்தின்மீதே குறிப்புகள் இருக்கும். விளையாட்டுப் பாட்டு எழுதியவர் அல்லவா, அந்தக் குறிப்புகளிலும் வேண்டுமென்றே எழுத்தை மாற்றிப் போட்டு வேடிக்கை செய்திருப்பார். மூலையில் இடத்தின் பெயர், நாள், வரைந்த நேரம், வரிசை எண் ஆகியவை தவறாமல் இருக்கும். பிறகு அறையில் உட்கார்ந்து பென்சில் கோட்டின்மேல் பழுப்பு மையால் பேனாக்கோடு இழுப்பார். அதன்பின் குறிப்புகளைப் படித்துப் படித்து நீர்வண்ணம் பூசுவார். இந்தக் கடைசி வேலை சில சமயம் பல ஆண்டுகள் கழித்து, வேறு நாட்டில் நடக்கும். அவர் இந்தியாவிலிருந்து கொண்டு போனவை சிறியதும் பெரியதுமாக ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வரைவுகள். டார்ஜிலிங்கில் 1874-ஆம் ஆண்டில் வரைந்துகொண்ட கஞ்சன்ஜங்காச் சிகரத்தைப் பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாக முடித்தபோது இத்தாலியில் வாழ்ந்துகொண்டிருந்தார்!

எல்லோரும் அவரைப் போலத் தள்ளிப் போடுவதில்லை. மேரியன் நார்த் (1830–1890) என்ற ஆங்கிலப் பெண்மணி, ஓவியத்தை அந்தந்த இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் முடித்துவிடுவார். தனியே உலகைச் சுற்றியவர். 1877-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்து, தஞ்சைப் பெரிய கோவிலையும் வரைந்தார். லண்டன் நகரின் கியூ தாவரத் தோட்டத்தில் 1882-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தனி மாளிகையில் அவருடைய எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுவரே தெரியாமல் நெருக்கமாக மாட்டப்பட்டுள்ளன. ஒரு பெண் எண்ணெய் வண்ணத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போக முடிந்ததற்கு ஒரு சிறிய பொருள் காரணம்: பற்பசைக் குழாய் போன்ற தகரக் குழாய். 1841-ஆம் ஆண்டில் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் அதைக் கண்டுபிடிக்கும் வரை, குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்துத்தான் விற்றார்கள். அது ஒழுகும், காயும், வெடிக்கும்.

நீர்வண்ணம் இந்தத் தொல்லையிலிருந்து முன்னமே விடுபட்டிருந்தது. இங்கிலாந்தின் ரீவ்ஸ் சகோதரர்கள் வில்லை வடிவில் வண்ணக்கட்டி செய்து 1781-ஆம் ஆண்டில் பரிசு பெற்றார்கள். நாம் கடையில் வாங்கும் ஒட்டகச் சின்னப் பெட்டியில் இருப்பது அதன் பேத்திதான். எந்த நீர்வண்ணத்துக்கும் உயிர் இரண்டு: நிறத்தூள், அதைத் தாளில் ஒட்ட வைக்கும் பிசின். அந்தப் பிசின் வேல இனத்து மரங்களிலிருந்து வடிவது. நம் ஏரிக்கரைக் கருவேல மரத்திலும் அதற்கு நெருங்கிய உறவுள்ள பிசின் வடியும்.

நிறத்தூள்களின் கதை இன்னும் சுவையானது. காவி மண்ணிலிருந்து வருகிறது. அவுரி நீலம் நம் தமிழ்நாட்டிலேயே பயிரான செடி. அல்ட்ராமரீன் என்னும் ஆழ்ந்த நீலம், ஆப்கானிஸ்தானத்துப் பதக்ஷான் சுரங்கங்களில் கிடைத்த கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. பொன்னுக்கு நிகரான விலை. 1828-ஆம் ஆண்டில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் முறை வெளிவந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் வானத்துக்குத் தாராளமாகப் பூசுகிறோம். இந்திய மஞ்சள் என்று ஒரு நிறம் இருந்தது. வங்காள மாகாணத்தில், மாவிலை மட்டும் தின்னக் கொடுத்த பசுக்களின் கோமியத்திலிருந்து அது செய்யப்படுவதாக 1883-ஆம் ஆண்டில் திரைலோக்கியநாத் முகர்ஜி எழுதினார். பசுக்கள் நலிந்து போயின என்றும் எழுதினார். அந்த நிறம் இப்போது அவ்வாறு செய்யப்படுவதில்லை. நல்லவேளை.

இனி எங்கள் காவிரிக் கரை வேலைக்கு வருவோம். ஜூலை மாதத்தில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் தெற்கு நோக்கி உட்கார்ந்தோம். நேர் எதிரே ஆறு, அப்பால் தென்னை வரிசை, அதற்குமேல் மலைக்கோட்டை. ஆளுக்கொரு அட்டைப் பலகை, தடித்த தாள், மூன்று தூரிகைகள், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு குப்பித் தண்ணீர். ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது குப்பி எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். புதுவெள்ளத்தில் வண்டல் கலந்திருக்கும். அதில் தூரிகையை அலசினால் எல்லா நிறமும் காவியாகும் என்றார்கள் ஆசிரியை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தாள் எம்மாத்திரம்? நான்கு மூலைக்கும் நான்கு கிளிப் போட்டும் பலகையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் கிடையாது. தாளின் வெண்மைதான் வெள்ளை. ஆற்றின் மினுக்கம் எங்கே வேண்டுமோ அங்கே முதலிலேயே தாளை விட்டுவைக்க வேண்டும். வாசலில் கோலம் போடுவதற்கு இது நேர் எதிர்; கோலத்தில் வெள்ளையை இட்டுக்கொண்டே போகிறோம், இங்கே வெள்ளையைக் காப்பாற்றிக்கொண்டே போகிறோம். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கருநிறத்தில் முடிக்க வேண்டும். வானம் முதலில். அது பாதி காய்வதற்குள் தொலைவு. முழுதும் காய்ந்தபின் பாறை. கடைசியாக முன்னால் உள்ள படிக்கட்டு. இங்கிலாந்தில் எழுதப்பட்ட நூல்களில், பூச்சு காயும் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் காத்திருக்க வேண்டியதே இல்லை; தூரிகையைத் தண்ணீரில் தொட்டு எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. அதனால் தாளின் பின்பக்கத்தையும் நனைத்து, அடியில் ஈரத்துணி விரித்துக்கொண்டோம்.

மலைக்கோட்டை என்ன நிறம் என்று கேட்டால் கறுப்பு அல்லது பழுப்பு என்பார்கள். காலை ஏழு மணிக்கு அது இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. மடிப்புகளில் ஊதா. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரீனும் வெவ்வேறு அளவில் கலந்தால் இரண்டும் கிடைக்கும். கறுப்பு வண்ணக்கட்டியைத் தொடவே தேவையில்லை. பச்சைதான் தொல்லை. பெட்டியில் இருக்கும் பச்சை எந்த மரத்திலும் இல்லை. வாழை ஒரு பச்சை, தென்னை ஒரு பச்சை, நாற்றங்கால் வேறொரு பச்சை. நீலத்தையும் மஞ்சளையும் காவியையும் கலந்து அவரவரே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒளியைப் பற்றி ஆசிரியை சொன்ன ஒன்றை எந்த நூலிலும் நாங்கள் காணவில்லை. திருச்சிராப்பள்ளி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஆகவே சித்திரை தொடங்கிய சில நாள் முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில்தான் பாறையின் வடமுகத்தில், அதாவது ஸ்ரீரங்கத்திலிருந்து பார்க்கும் முகத்தில், நல்ல வெளிச்சம் விழும். மார்கழியில் போனால் அதே முகம் நிழலில் இருக்கும். தென்னூரிலிருந்து வரைய விரும்பினால் மாலை நேரமே ஏற்றது. காலையில் சூரியன் பாறைக்குப் பின்னால் இருப்பதால் ஓரக்கோடு மட்டுமே தெரியும். ஓவிய அறையின் சன்னல் வடக்கே பார்த்திருக்க வேண்டும் என்பதும் ஐரோப்பியர் விதி. அங்கே சூரியன் தெற்கிலேயே சுற்றுவதால் வடக்குச் சன்னலில் நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். நம் ஊரிலோ ஆனி, ஆடியில் வடக்குச் சன்னலிலும் வெயில் அடிக்கிறது. விதிகளும் ஊர் பார்த்துத்தான் போலும்.

அறைக்குள் வந்ததும் ஓவியர்முன் ஒரு கேள்வி நிற்கிறது. கண்டதைக் கண்டபடி வைப்பதா, அழகுக்காக மாற்றுவதா? முன்புறத்தில் ஒரு மரத்தையோ நான்கு மனிதர்களையோ சேர்த்துக்கொள்வது டேனியல்கள் காலத்து வழக்கம். எங்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது. மின்கம்பத்தையும் கைப்பேசிக் கோபுரத்தையும் விட்டுவிட்டு வரையலாம் என்று பாதிப்பேர். கூடாது என்று மீதிப்பேர். கூடாது என்பவர்கள் சொன்ன காரணம் வலுவானது. டேனியல்கள் வந்தபோது திருச்சிராப்பள்ளி நகரைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். மெயின்கார்டு கேட் என்று நாம் சொல்லும் வாயில்தான் இன்று மிச்சம். மதில் இருந்த நகரை அறிய நமக்கு அந்தக் காலத்து ஓவியங்களே துணை. அவர்கள் அழகில்லை என்று மதிலை விட்டிருந்தால் நாம் எங்கே போய்த் தேடுவது?

நம் ஊர்க்காரர்களும் அந்நாளில் சும்மா இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காக்காப்பொன் என்னும் அப்பிரகத் தகட்டில் ஓவியம் தீட்டுவதில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் பெயர் பெற்றிருந்தார்கள். கண்ணாடி போன்ற அந்த மெல்லிய தகட்டில் தண்ணீர் சுமப்பவர், நெசவாளர், பூக்காரி, திருவிழா ஊர்வலம் என்று வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். லண்டன் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் உள்ளன. வரைந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதி வைக்கப்படவில்லை. டேனியல் பெயர் தெரிகிறது, லியர் பெயர் தெரிகிறது, நம் ஊர் ஓவியர் பெயர் தெரியவில்லை என்பது எங்களுக்கு வருத்தமாகவே இருந்தது. பிற்காலத்தில் ஓவியர் சில்பி (1919–1983) கோவில் கோவிலாகச் சென்று, அங்கேயே உட்கார்ந்து ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று ஆனந்த விகடனில் வரைந்தார். அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

அம்மா மண்டபத்தில் வரைந்த 31 படங்களும் இப்போது ஓவிய அறை அலமாரியில் இருக்கின்றன. சுவரில் மாட்டினால் வெயிலில் நிறம் மங்கும் என்பதால், நல்ல நீர்வண்ணப் படங்களை இருட்டான இழுப்பறையில் வைப்பதே முறையாம். அடுத்த பருவத்தில் பள்ளி மாடியிலிருந்து மாலை வெளிச்சத்தில் பாறையின் மேற்கு முகத்தை வரையப் போகிறோம். மின்கம்பங்களும், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும், வடக்கே தொலைவில் 1987-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் இராஜகோபுரத்தின் உச்சி தெரிந்தால் அதுவும் படத்தில் இடம்பெறும் என்று வாக்கெடுத்து முடிவு செய்துள்ளோம். டேனியல்கள் படத்தில் அந்தக் கோபுரம் முடிவுற்றிருக்க வழியில்லை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் இடம், நாள், நேரம், வரைந்தவள் பெயர் ஆகிய நான்கும் பென்சிலால் எழுதப்பட வேண்டும் என்பது ஆசிரியையின் கண்டிப்பான உத்தரவு.